மார்க் என்னும் சொல்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பரீட்சைத் தாள்கள் திருத்தப்பெற்று வகுப்பறைக்குத் திரும்பும் நாளில் மாணவர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் வினா ஒன்றுதான்: “உனக்கு எத்தனை மார்க்ஸ்?” தமிழகத்துப் பாடநூல்கள் இதனை மதிப்பெண் என்கின்றன, இலங்கையில் நாம் புள்ளி என்கிறோம். எனினும் பேச்சு வழக்கில் ஆங்கிலச் சொல்லே வேரூன்றிவிட்டது. (கார்ல் மார்க்ஸின் பெயரும் தமிழில் அவ்வாறே ஒலிப்பதால் வாசிப்பு வட்டங்களில் நேரும் வேடிக்கையைப் பலரும் அறிவர்.) ஆசிரியரின் சிவப்பு மையோடு கூடப் பிறந்தது போலவே இச்சொல் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு நோக்கினால், பரீட்சைத் தாளுக்கு வந்து சேருமுன் அது வேறு பல இடங்களில் வேலை பார்த்திருப்பது புலனாகும். அவ்வேலை எத்தகையது, எவர் நலனுக்காகச் செய்யப்பட்டது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

பழைய ஆங்கிலத்தில் மார்க் என்பதன் முதற்பொருள் எல்லை. நிலத்தின் எல்லையைக் காட்ட நட்ட கல்லையும், மரத்தில் வெட்டிய தழும்பையும் அது பின்னர் குறிக்கலாயிற்று. அதன் பின்னர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உடையவன் இட்ட அடையாளத்தையும், வணிகன் தன் சரக்குப் பொதியின் மேல் எழுதிய குறியையும், எழுத்தறியாதவன் கையொப்பத்துக்குப் பதிலாகக் கீறிய சிலுவைக் கோட்டையும் அச்சொல் குறித்தது. பள்ளிக்கூடத்துப் பொருள் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. நம் தமிழில் புள்ளி என்ற சொல் வந்த வழியே வேறு. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஏடெழுதியோர் அப்புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டனர். படிப்பவன் தன் அறிவால் அதனை இட்டு வாசித்துக்கொண்டான். புள்ளி எழுத்தை இனங்காட்டப் பிறந்தது. மார்க்கோ உடைமையைக் காட்டப் பிறந்தது. மாட்டுக்குக் குறி சுட்ட நம் முன்னோர்க்கு இந்த இரண்டாவது கருத்தும் புதிதன்று. ஆனால் மலைக்கும் மனிதனுக்கும் குறியிடும் கலையை நமக்குக் கற்பித்தவர்கள் வெள்ளைத் துரைமாரே.

ஊவாவில் முதலில் வந்தது எல்லைக் குறி. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளின் சிங்களக் குடியானவர்கள் ஆங்கிலேயர் ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அவ்வெழுச்சி நசுக்கப்பட்டது, 1818 நவம்பரில் கெப்பெட்டிப்பொலத் திசாவை தலை வெட்டிக் கொல்லப்பட்டார், வயல்களும் நீர்நிலைகளும் பாழாயின. 1840இல் வந்த முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம் வாளின் வேலையைக் காகிதத்தில் தொடர்ந்தது. காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலம், மறுதலையாக நிரூபிக்கப்பட்டாலன்றி, முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என்றது அச்சட்டம். கண்டிச் சீமையில் சில ஆண்டு இடைவெளிவிட்டுப் பயிர் செய்யப்படும் சேனை நிலங்களும் அவ்வாறே ஆயின. ஓலைப்பட்டயமோ வரி செலுத்திய சான்றோ காட்டவல்லவனே தப்பினான். வழிவழியாக மலைச்சரிவில் குரக்கன் விதைத்தவனிடம் பட்டயம் ஏது? இங்ஙனம் முடிக்குரியதாக்கப்பட்ட நிலம், 1844 வரை, ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து சிலிங் என்னும் குறைந்த விலையில் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. நில அளவையாளன் நட்ட கல்லின் ஒரு புறம் கிராமம், மறுபுறம் தோட்டம். சிங்களக் குடியானவனையும் தமிழ்த் தொழிலாளியையும் இன்றளவும் பிரித்து நிறுத்தும் கோடு அந்தக் கல்லிலிருந்தே தொடங்குகிறது. இதனைக் காணாது, தொழிலாளியே நிலத்தைப் பறித்தவன் என்று கிராமத்தானுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பிற்காலத்தில் அரசியலில் நல்ல அறுவடை செய்தார்கள்.

கல்லுக்கு மறுபுறத்தில் வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிவந்த கூட்டங்கள் மன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்தன. அவ்வழியில் மாண்டோர் பலர். ஊவாவுக்குப் போக வேண்டியவர்கள் அதற்கப்பாலும் மலையேறினார்கள். இரயில் பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலுமே வந்து சேர்ந்தது. இக்காலத்தில் தொழிலாளியின் உடம்பின் மேல் ஏறிய மார்க் இரண்டு வகைப்பட்டது. ஒன்று தகரச் சீட்டு. 1901ஆம் ஆண்டளவில் அரசாங்கம் நடைமுறைப்படுத்திய இம்முறையில், வந்திறங்கும் ஒவ்வொருவருக்கும் அவர் போக வேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த சிறு தகரவில்லை கொடுக்கப்பட்டது. அதனைக் கழுத்திலோ கையிலோ கட்டிக்கொண்டு வருபவரை வழியிலுள்ள அதிகாரிகள் உரிய தோட்டத்துக்கு அனுப்பிவைத்துச் செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதினர். இரயிலில் அனுப்பும் பொதிக்கும் இதற்கும் என்ன வேறுபாடென்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

மற்றது துண்டு. கங்காணியும் அவன் கூட்டமும் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர்க்கு இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுக்கும் காகிதத் துண்டு. அதனைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி தோட்டந் தோட்டமாகப் பேரம் பேசினான். கூடிய முற்பணம் தருபவனிடம் கூட்டம் மாறியது. கடன் தொகையும் கூடியது. தொழிலாளி தன் கடனின் அளவால் மதிக்கப்பட்டான். 1921இல் இத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் என்னும் தளை அத்துடன் முற்றாக அறுந்துவிட்டதென்று கூறுவார் எவருமிலர்.

இனித் தேயிலைப் பெட்டிக்கு வருவோம். வணிக உலகில் மார்க் என்ற சொல் இன்றும் கம்பீரமாக உலவும் இடம் அது. கோப்பியை இலைநோய் அழித்தபின் மலைகளில் தேயிலை பரவிற்று. 1883 சூலை 30ஆம் நாள் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. இலண்டனில் அதற்கு முன்னரே ஏலம் நடந்து வந்தது. 1998இல் அது நின்றுபோயிற்று. ஏலப் பட்டியலில் தொகுதி இலக்கம், மார்க், தேயிலையின் தரம், பொதிகளின் எண்ணிக்கை ஆகியன வரிசையாக இருக்கும். இங்கு மார்க் என்பது அத்தேயிலை விளைந்த தோட்டத்தின் பெயர். ஸ்டோரில் பெட்டியை ஆணியறைந்து மூடியபின், தகட்டில் வெட்டிய எழுத்துகளின் மேல் மைபூசி அப்பெயரைப் பதிப்பார்கள். மரப்பெட்டி போய்க் காகிதப் பை வந்த பின்னும் பெயர் பதிக்கும் வழக்கம் மாறவில்லை. நல்ல மார்க் என்றால் நல்ல விலை. தரகர் தேயிலையைக் கொதிநீரிலிட்டு, உறிஞ்சிச் சுவைத்து, உமிழ்ந்து, அந்த மார்க்கின் மதிப்பைக் கணிக்கிறார்.

அப்பெயர்களைச் சற்றுக் கவனித்தல் தகும். தம் ஊர்களின் ஞாபகமாகத் துரைமார் இட்டவை பல. சிங்கள இடப்பெயரை ஒட்டியவை வேறு சில. தொழிலாளர் இவற்றில் ஒன்றையும் ஏற்றுக்கொள்ளாமல், தாம் உழைத்த மலைக்குத் தாமே தமிழில் ஒரு பெயரிட்டு வழங்கினர். பெர்குசனின் இலங்கைக் கையேடு தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களைத் தனிப் பட்டியலாகவே அச்சிட வேண்டியிருந்தது. ஆள் திரட்டவும் அனுப்பவும் அப்பெயர்கள் துரைமாருக்கு உதவின. ஆனால் பெட்டியின் மேல் ஏறும் தகுதி அவற்றுக்குக் கிட்டவில்லை. பெரிய முதலாளி வந்தபோது சிறிய மார்க்கும் மறைந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு வந்து தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்று உலகெங்கும் விளம்பரம் செய்தார். பொட்டலத்தின் மேல் தம் பெயரையே பதித்தார். தோட்டத்துக்கும் குவளைக்கும் இடையில் நின்ற தரகனை அவ்விளம்பரம் அகற்றிக்காட்டியது. கொழுந்தெடுத்தவளின் பெயரைத் தேடி அதற்குள் நுழைவது வீண்வேலை.

ஊவாவின் மார்க்குகளுக்குத் தனிச்சிறப்பைத் தருவது காற்று. சூலை முதல் செப்டெம்பர் வரை, மேற்குச் சரிவுகளில் மழை பொழியும் காலத்தில், மலையைக் கடந்து நீர்ப்பசையற்றுப்போன கச்சான் காற்று ஊவாச் சரிவுகளில் இறங்கி வீசுகிறது. செடி வாடுகிறது, அந்த வாட்டத்திலேயே இலையில் ஓர் அரிய மணம் ஊறுகிறது. கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு உச்ச விலை கிடைப்பது இப்பருவத்தில். ஆனால் வாடிய செடியில் கொழுந்து குறைவு. மழைநாளில் ஒரு மலையில் நிரம்பிவிடும் கூடை, இப்பருவத்தில் இரண்டு மலை ஏறி இறங்கியும் நிரம்பாது. மார்க்குக்குப் பொற்காலமாகிய இதே வாரங்களில்தான் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குச் செக்ரோலில் அரைப்பேர் விழுகிறது.

தோட்டத்தை அறியாத வாசகர்க்கு இச்சொல்லை விளக்குவது நம் கடன். செக்ரோல் என்பது நாட்சம்பளப் பதிவேடு. காலையில் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று வேலைக்குப் பிரிக்கப்பட்டவர்கள், மாலையில் தம் வேலைக்கேற்ப அதிற் குறிக்கப்படுவர். குறித்த அளவு கொழுந்து எடுத்தவருக்கு ஒரு பேர், குறைந்தவருக்கு அரைப்பேர். பேர் என்பது இங்கு ஒரு நாட்கூலி. எடுக்க வேண்டிய அளவு 16, 18, 20 கிலோ எனத் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்; நிறுவைத் தராசின் முன்னால் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோ கழியும். ஒருத்தி ஓர் அரை நாளுக்குரியவளாக எழுதப்பட்டால் அவள் பாதி பெயருடையவள் ஆகிறாள்! பெட்டியின் மேல் பெயர் மார்க்காக நிற்கிறது. செக்ரோலில் மார்க்கே பெயராகிவிடுகிறது. துரைமாரின் ஆங்கிலத்திலும் இதற்கு நேம் என்றே வழக்கு. ஆகவே இது தமிழரின் பேச்சுத்தவறன்று; ஆளையும் நாளையும் கூலியையும் ஒரே கோட்டில் அடக்கிய ஒரு கணக்குமுறையின் மொழி. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட பின்னர், கிலோ அளவை உயர்த்தி அரைப்பேர் போடுகிறார்கள் என்னும் முறைப்பாடு பல தோட்டங்களிலிருந்து எழுந்ததை நினைத்தால், இம்மொழி பழங்கதையாகிவிடவில்லை என்பது விளங்கும்.

பென்சில் எவர் கையில் இருக்கிறது என்பதே எப்போதும் கேள்வி. அக்கேள்வியைப் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் 1940ஆம் ஆண்டிலேயே எழுப்பினர். லங்கா சமசமாஜக் கட்சியினரின் சங்கம் அப்போது ஊவாவில் பரவியிருந்தது. வேலைநிறுத்தத்தின்போது வெவெஸ்ஸத் தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே தோட்டக் காரியங்களை நடத்துவதென்று துரை இணங்க நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்டவென்று ஆயுதத்தோடு வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துவிட்டனர். அரசாங்கம் விரைவில் தன் பலத்தைத் திரட்டிக்கொண்டு திரும்பியது. ஊவாவின் போராட்ட அலை அவ்வாண்டிலேயே அடக்கப்பட்டது. குறிக்கப்படுபவர்கள் குறிக்கும் கையோடு சமமாக அமர்ந்து பேசிய அந்தச் சில நாட்களைப் பற்றி நம் பாடநூல்கள் மௌனம் சாதிக்கின்றன. கோட்டே மன்னர்களின் வரிசையை ஒப்பிக்கும் பதுளை மாணவனுக்கு, பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்திலுள்ள வெவெஸ்ஸவைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

கையொப்பத்துக்குப் பதிலாக இடும் கீறலும் மார்க்கே என்றோம். ஆங்கிலப் பத்திரங்களில் எழுத்தறியாதவனின் பெயரை எழுத்தர் எழுத, நடுவில் ஒரு சிலுவைக் கோடு போட்டு, ‘அவனுடைய மார்க்’ என்று பக்கத்தில் குறிப்பர். தோட்டத்தில் பெருவிரல் ரேகை அவ்விடத்தைப் பிடித்தது. அந்த ரேகை மிகப் பெருந்தொகையாகப் பதிந்தது 1949க்குப் பின்னர். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது, பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் போயிற்று; 1952 தேர்தலில் இம்மக்களின் பிரதிநிதியாக ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் உரிமை கோருபவர், மணமானவராயின் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இடையறாது இங்கு வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்குத் தோட்டத்து ஏடுகளைத் தவிர வேறு சான்று பெரும்பாலோரிடம் இருக்கவில்லை. முன்பு சேனைக் குடியானவனிடம் பட்டயம் கேட்ட அதே அரசு இப்போது தோட்டத் தொழிலாளியிடம் பத்திரம் கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரையில் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் எஞ்சியோரை 9,75,000 என மதித்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி பின்னர் என்று பங்கிட்டது.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை ஆசிரிய நண்பர்கள் மனங்கொள்ள வேண்டும். வாக்கில்லாத இம்மக்களை அரசு எண்ணாமல் விடவில்லை. 1959இல் தேர்தற் தொகுதிகள் புதிதாக வகுக்கப்பட்டபோது மொத்தச் சனத்தொகையே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. அதனால் தோட்டங்கள் செறிந்த மலைநாட்டு மாவட்டங்களுக்கு ஆசனங்கள் கூடின. ஆசனத்தைப் பெருக்க இவர்களின் தலைகள் உதவின. அதில் அமர்பவரைத் தெரிவுசெய்ய இவர்களின் கைகள் உதவவில்லை. செக்ரோலின் தத்துவம் பாராளுமன்றம் வரை சென்றதென்று கூறின் அது மிகையாகாது.

இப்போது பரீட்சை மார்க்குக்கு வரலாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்ய வேண்டிய கடமையைத் துரைமார் மேல் 1907ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்தியது. அதன் விளைவு பெரும்பாலும் லயத்தின் ஒரு கோடியில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத படிப்பு. 1945இல் இலவசக் கல்வி வந்து நாட்டின் கிராமங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தபோதும் தோட்டப் பள்ளிகளிற் பெரும்பாலானவை துரைமாரின் கருணையிலேயே விடப்பட்டன. அவற்றை அரசு முறையாகப் பொறுப்பேற்றது தோட்டங்கள் தேசியமயமாகிய பின், 1977ஐ அடுத்த ஆண்டுகளில்.

இதற்கு முன்னரே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்துவிட்டது. 1971 அனுமதியில் மருத்துவத்துக்கு 400க்கு, தமிழ்மொழி மூலம் எழுதியவன் 250 புள்ளியும் சிங்களமொழி மூலம் எழுதியவன் 229 புள்ளியும் பெற வேண்டுமென்றாயிற்று. யாழ்ப்பாணத்து இளைஞரின் கோபம் நியாயமானதே. மொழி பார்த்து மார்க்குக்கு விலை வைப்பதை எந்த முற்போக்காளனும் ஏற்கமாட்டான். ஆனால் 250, 229 என்ற அவ்விரண்டு எண்களுக்கும் நடுவில் நடந்த பெருஞ்சமரில் தோட்டத்துப் பிள்ளைக்கு இடமே இல்லை. உயர்தர வகுப்பு இருந்தாலல்லவா பரீட்சை எழுதுவதற்கு! அவ்வாதம் உச்சத்திலிருந்த 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டத்து லயங்களில் பஞ்சம் புகுந்து உயிர்களைக் கொண்டு போயிற்று. மேடைகளில் தமிழ் மாணவன் என்று பேசியவர்களிற் பலர் இந்தப் பிள்ளைகளை அச்சொல்லுக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் சனத்தொகைக்கேற்ப இடங்கள். வசதி குறைந்த மாவட்டங்களின் கிராமப் பிள்ளைகள் பலருக்கு இது கதவைத் திறந்தது. அதனை முற்றாகப் பழிப்பாரோடு நாம் உடன்படவில்லை. ஆயினும் பதுளை மாவட்டத்தின் சனத்தொகையைக் கணக்கிடும்போது லயங்களில் வாழ்ந்தோரும் கணக்கில் வந்தனர். அவர்களின் தொகையாலும் கூடிய இடங்களுக்குப் போட்டியிட, உயர்தர வகுப்புள்ள பாடசாலைகளின் பிள்ளைகளே இருந்தனர். 1959இன் கணக்கு மறுபடியும் நடந்தேறியது.

இன்று மார்க் அப்படியே பயன்படுவதில்லை. 2001 முதல் இசட் புள்ளி என்னும் முறை வழங்குகிறது: ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளி, அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை, எல்லோருடைய புள்ளிகளும் பரந்திருக்கும் அளவால் வகுத்துக் காணும் எண். கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒரே தராசில் நிறுக்க இது நல்ல கருவி. கூடையின் எடையைக் கழிப்பது போலப் பாடத்தின் கடுமையை அது கழித்துவிடுகிறது. லயத்து அறையின் ஒற்றை விளக்கையும், கணித ஆசிரியர் இல்லாத இரண்டு தவணைகளையும், கச்சான் மாதத்து அரைப்பேரையும் கழிக்க அதற்குத் தெரியாது. இதற்கிடையிலும் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் உயர்ந்தே வருகிறது. அவ்வுயர்வுக்குக் காரணமான ஆசிரியர்கள் இவ்விதழின் வாசகர்களுக்குள்ளேயே இருப்பார்கள்.

பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. 1818இன் எழுச்சி நடந்த நிலத்தின் பெயரைத் தாங்கிய அங்கு தேயிலைத் தொழில்நுட்பமும் ஒரு பட்டப்படிப்பு. அதற்கும் ஏனைய படிப்புகளுக்கும் வேண்டிய வெட்டுப்புள்ளிகள் ஆண்டுதோறும் ஓர் அட்டவணையாக வெளிவருகின்றன. பதுளைக்கு ஒரு நிரல் உண்டு. மொனராகலைக்கு ஒரு நிரல் உண்டு. மாவட்டங்கள் இருபத்தைந்துக்கும் உண்டு. தோட்டத்துக்கென்று ஒரு நிரல் அதில் இல்லை.